வீட்டுத்தோட்டத்தில் கூம்புப்பூச் செடிப் பெருக்கம்

கூம்புப்பூ என்பது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த, வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பல்லாண்டுப் பூச்செடிகள் சிலவற்றுக்கு வழங்கும் பொதுப்பெயர் ஆகும். எக்கினேசியா, ரட்பெக்கியா, ராட்டிபிடா என்னும் மூன்று பேரினங்களையும் தோட்டக்காரர்கள் இப்பெயரால் அழைப்பதுண்டு. இக்கட்டுரை எக்கினேசியாப் பேரினத்தை, குறிப்பாக வீட்டுத்தோட்டங்களில் மிகுதியாக வளர்க்கப்படும் ஊதாக் கூம்புப்பூவை (எக்கினேசியா பர்ப்பூரியா), விதையாலும் வேராலும் பெருக்கும் முறைகளைப் பற்றியது. சாமந்தி, கரிசலாங்கண்ணி ஆகியனவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

பெயரும் இனங்களும்

லின்னேயசு 1753 ஆம் ஆண்டில் இச்செடியை ரட்பெக்கியாப் பேரினத்தில் வைத்து விவரித்தார். செருமானியத் தாவரவியலாளர் கான்ராட் மொயெஞ்ச் 1794 இல் அதைப் பிரித்து எக்கினேசியா என்னும் தனிப் பேரினத்தை அமைத்தார். முள்ளெலியைக் குறிக்கும் 'எக்கினோஸ்' என்ற கிரேக்கச் சொல்லே இதன் மூலம். பூவின் நடுவிலுள்ள கூம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

பேரினத்தில் ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து இனங்கள் உள்ளன. அவற்றுள் பர்ப்பூரியா, அங்குஸ்டிபோலியா, பல்லிடா, மஞ்சள் நிறப் பூவுடைய பாரடாக்சா ஆகியவை தோட்டங்களில் காணப்படுகின்றன. பெருக்கும் முறையைப் பொறுத்தவரை இவற்றிடையே உள்ள முதன்மையான வேறுபாடு வேரில் இருக்கின்றது. பர்ப்பூரியாவுக்குச் சல்லிவேர்த்தொகுதி உண்டு. அங்குஸ்டிபோலியா, பல்லிடா, பாரடாக்சா ஆகியவை ஆழமாக இறங்கும் ஆணிவேர் உடையவை. கீழே கூறப்படும் முறைகளுள் எது எச்செடிக்குப் பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் இந்த வேறுபாடே முடிவு செய்கின்றது.

பூவும் மகரந்தச் சேர்க்கையும்

ஒரு பூப்போலத் தோன்றுவது உண்மையில் பல நூறு சிறுபூக்கள் சேர்ந்த ஒரு தலை ஆகும். வெளிப்புறத்தில் இதழ்கள் போலத் தொங்கும் கதிர்ச்சிறுபூக்கள் மலடானவை. பூச்சிகளை ஈர்ப்பதே அவற்றின் பணி. கூம்பின் மேலுள்ள வட்டுச்சிறுபூக்களே விதை தருகின்றன. இவை ஒரே நாளில் மலர்வதில்லை. விளிம்பில் தொடங்கி உச்சியை நோக்கி வட்டம் வட்டமாக மலர்கின்றன. ஒவ்வொரு சிறுபூவிலும் முதல் நாளில் மகரந்தம் வெளிப்படும். அடுத்த நாளில் சூல்தண்டு நீண்டு மகரந்தத்தை ஏற்கும் நிலையை அடையும்.

கூம்புப்பூச் செடி பொதுவாகத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. மரபியல் அடிப்படையில் வேறுபட்ட மற்றொரு செடியிலிருந்து தேனீக்களோ வண்ணத்துப்பூச்சிகளோ மகரந்தத்தைக் கொண்டுவர வேண்டும். வீட்டுத்தோட்டத்தில் விதை சேகரிப்போர் பலர் இதனைக் கருத்தில் கொள்வதில்லை. ஒரே தாய்ச்செடியைப் பிரித்து நட்ட பத்துச் செடிகள் பார்வைக்குப் பத்தாயினும் மரபியல் நோக்கில் ஒன்றே. அவற்றிடையே பூச்சிகள் எவ்வளவு பறந்தாலும் நல்ல விதை உண்டாவதில்லை. கடையில் வாங்கிய ஒரே கலப்பினப் பெயருடைய செடிகளும் பெரும்பாலும் திசு வளர்ப்பால் உருவான படிகள் என்பதால் அவற்றுக்கும் இதே நிலைதான்.

மேலும், கருவுற்றாலும் கருவுறாவிட்டாலும் எக்கினேசியாவின் கனி ஓடு வளர்ந்து கடினமாகி விடுகின்றது. எனவே, உள்ளே கரு இல்லாத வெற்று விதையும் வெளித்தோற்றத்தில் நல்ல விதையைப் போலவே இருக்கும். ஒரு கைப்பிடி விதை சேகரித்து, விதைத்து, ஒன்றும் முளைக்காமல் போனால் மண்ணையோ நீரையோ குறை கூறுவது வழக்கம். அங்கு விதையே இல்லாதிருந்திருக்கலாம். ஐயம் தீர்க்க எளிய வழி, பத்து விதைகளை எடுத்துக் கூரிய கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாகும். நல்ல விதையினுள் வெண்ணிறக் கரு நிறைந்திருக்கும். வெற்று விதை உட்குடைவாக இருக்கும்.

வெட்டாமலே முன்கூட்டி அறியவும் ஒரு குறிப்பு உண்டு. அங்குஸ்டிபோலியா இனத்தில், ஏற்புடைய மகரந்தம் கிடைத்த சூல்தண்டு ஏறத்தாழ ஒரு நாளுக்குள் சுருங்கி விடுகின்றது. கிடைக்காதது பல நாட்கள் விறைப்பாகவே நிற்கின்றது. ஆகவே, கூம்பில் பல வட்டச் சூல்தண்டுகள் ஒருங்கே நீட்டிக்கொண்டு நிற்குமாயின் அச்செடிக்குத் துணைச்செடி போதவில்லை என்று கொள்ளலாம். மினசோட்டா மாநிலத்தில் சிதறிய புல்வெளித் துண்டுகளில் இவ்வினத்தை 1990-கள் முதல் ஆய்ந்துவரும் 'எக்கினேசியாத் திட்டம்' இந்த அடையாளத்தைப் பயன்படுத்துகின்றது. ஒரு காலத்தில் வட அமெரிக்காவின் நடுப்பகுதியெங்கும் பரந்திருந்த உயர்புல்வெளியில் இன்று எஞ்சியிருப்பது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதமுள்ள சிறு துண்டுகளில் செடிகள் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் பூக்கின்றன, அல்லது வெவ்வேறு நாட்களில் பூக்கின்றன. புல்வெளியில் தீ பரவிய பின்வரும் கோடையில் செடிகள் மிகுதியாகவும் ஒரே காலத்திலும் பூத்து, அதனால் விதைப்பேறு உயர்வதாக இத்திட்டத்தினர் 2020 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தோட்டத்தில் தீ தேவையில்லை. வெவ்வேறு விதைகளிலிருந்து வளர்ந்த நான்கைந்து செடிகளை அருகருகே நடுவதே போதுமானது.

விதை சேகரித்தல்

இதழ்கள் உதிர்ந்தவுடன் தலையை வெட்டக்கூடாது. கூம்பு கரும்பழுப்பு நிறமடைந்து, அதன் கீழுள்ள காம்பும் பச்சை நீங்கிக் காய்ந்த பின்னரே விதை முற்றியதாகும். வட அமெரிக்கத் தோட்டங்களில் இது பொதுவாகக் கோடையின் இறுதியிலிருந்து இலையுதிர்காலம் வரை நிகழ்கின்றது. அதிகம் தாமதித்தால் கோல்டுஃபிஞ்சு எனப்படும் மஞ்சள் நிறச் சிறு குருவிகள் முந்திக்கொள்ளும். சில தலைகளைச் சேகரித்து, மீதியைப் பனிக்காலம் முழுவதும் பறவைகளுக்காகச் செடியிலேயே விட்டுவைப்பது அங்குள்ள தோட்டக்காரர்களிடையே பரவலான வழக்கம்.

வெட்டிய தலைகளைத் தாள் உறையிலிட்டு ஓரிரு வாரங்கள் காற்றோட்டமான இடத்தில் உலர்த்த வேண்டும். நெகிழிப்பையில் இட்டால் பூஞ்சை பிடிக்கும். கூம்பிலிருந்து கூரான செதில்கள் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் உதிர்க்கும்போது தடித்த கையுறை அணிவது நன்று. புதியவர்கள் இச்செதில்களையே விதை என எண்ணிச் சேர்ப்பதுண்டு. செதில் மெலிந்து நீண்டு முள்போல இருக்கும். விதை வெளிறிய நிறத்தில், நான்கு பட்டைகளுடன், அடி குறுகி மேல் அகன்று காணப்படும். ஊதாக் கூம்புப்பூவின் விதைகள் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 250 இருக்கும். உலர்ந்த விதையைக் காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, சேகரித்த ஆண்டைக் குறித்துக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கலாம். முளைப்புத்திறன் ஆண்டுதோறும் குறையும் என்பதால் ஓரிரு ஆண்டுகளுக்குள் விதைப்பதே சிறந்தது.

உறக்கநிலையும் குளிர்ப் பதப்படுத்தலும்

கடுங்குளிர்ப் புல்வெளிகளில் இலையுதிர்காலத்தில் உதிரும் விதை உடனே முளைத்தால் நாற்று உறைபனியில் மடிந்துவிடும். இதனைத் தவிர்க்க, விதை உறக்கநிலையில் இருந்து, ஈரமும் குளிரும் சேர்ந்த ஒரு பருவத்தைக் கடந்த பின்னரே முளைக்கின்றது. இவ்வுறக்கத்தின் ஆழம் இனத்துக்கு இனம் வேறுபடும். ஊதாக் கூம்புப்பூவில் அது மெல்லியது. பல விதைகள் குளிரே இன்றி முளைக்கும். நான்கு வாரக் குளிர் கிடைத்தால் முளைப்பு ஒருசீராகவும் விரைவாகவும் அமையும். தோட்ட இரகங்களில் உறக்கநிலை இன்னும் குறைவு. அங்குஸ்டிபோலியா, பல்லிடா ஆகியவற்றுக்கோ 60 முதல் 90 நாட்கள் வரை தேவைப்படுகின்றன. அங்குஸ்டிபோலியா விதைகளைக் கொண்டு செய்யப்பட்டு 1994 இல் வெளியான ஓர் ஆய்வு, முன்குளிர், ஒளி, எத்திலீன் ஆகியவை முளைப்பைக் கூட்டுவதாகக் கண்டது. எத்திலீன் கையாளுதல் ஆய்வகத்துக்கும் வணிக நாற்றங்காலுக்கும் உரியது. குளிரும் ஒளியும் வீட்டிலேயே கிடைப்பவை.

செய்முறை எளியது. ஈரமான மணல் அல்லது வெர்மிகுலைட்டுடன் விதையைக் கலந்து, பையிலிட்டு, குளிர்பதனப் பெட்டியில் ஏறத்தாழ 4 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். கையில் பிடித்தால் ஈரம் தெரியவேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. நீர் மிகுந்தால் விதை அழுகும். உலர்ந்த விதையை அப்படியே குளிர்பதனப் பெட்டியில் வைப்பது சேமிப்பு ஆகுமேயன்றிப் பதப்படுத்தல் ஆகாது. ஈரத்தை உறிஞ்சிய விதையே குளிரை உணரும். வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, முளை எட்டிப்பார்க்கும் விதைகள் இருந்தால் அவற்றை உடனே எடுத்து நட்டுவிட வேண்டும்.

பனிக்காலம் உள்ள இடங்களில் இவ்வேலையை இயற்கையிடமே விட்டுவிடலாம். முதல் வழி, இலையுதிர்காலத்தின் கடைசியில் நேரடியாக மண்ணில் தூவுவது. மண் நன்கு குளிர்ந்த பின்னரே தூவவேண்டும். சற்று முன்னதாகத் தூவினால், உறக்கம் குறைந்த பர்ப்பூரியா விதைகள் இளஞ்சூட்டில் முளைத்துப் பனியில் அழியும். மற்றொரு வழி, ஒளி ஊடுருவும் பழைய பால் குடுவைகளை இடையில் அறுத்து, அடியில் துளையிட்டு, மண் நிரப்பி விதைத்து, மூடிப் பனிக்காலம் முழுவதும் வெளியில் வைப்பது. எலி, பறவை, களை ஆகிய மூன்றிலிருந்தும் விதை காக்கப்படுவதால் சிறு அளவில் விதைப்போருக்கு இதுவே மேலான முறை எனலாம்.

விதைப்பும் நாற்று வளர்ப்பும்

வீட்டினுள் விதைப்போர், அப்பகுதியின் கடைசி உறைபனி நாளுக்கு 8 முதல் 10 வாரங்களுக்கு முன் தொடங்குவர். நீர் தேங்காத நாற்றுக்கலவையில் விதையை வைத்து, ஒளி எட்டும் வகையில் சில மில்லிமீட்டர் அளவுக்கே மூட வேண்டும். ஆழப் புதைத்தல் தோல்விக்குப் பொதுவான காரணமாகும். 20 முதல் 22 பாகை செல்சியசு வெப்பத்தில் பெரும்பாலான விதைகள் 10 முதல் 20 நாட்களில் முளைக்கும். அதிக ஈரமும் காற்றோட்டமின்மையும் நாற்றழுகல் நோயை வரவழைக்கும் என்பதால் நீரைத் தட்டின் அடியிலிருந்து ஏறும்படி ஊற்றுவது நல்லது.

இரண்டு அல்லது மூன்று சோடி உண்மை இலைகள் தோன்றிய பின் தனித்தொட்டிக்கு மாற்றலாம். ஆணிவேர் இனங்களை ஆழமான தொட்டியில் தொடக்கத்திலேயே விதைத்துவிட்டால் வேர் மடங்காது. தோட்டத்தில் நடும்போது 45 முதல் 60 செ.மீ. இடைவெளி போதும். முழு வெயிலும், நீர் வடியும் மண்ணும் தேவை. உரம் மிகுந்தால் தண்டு நீண்டு சாயும். கோடை வறட்சியைத் தாங்கும் இச்செடி பனிக்காலத்தில் நீர் தேங்கும் மண்ணில் கழுத்தழுகி மடிவதே மிகுதி.

முதல் ஆண்டில் செடி பெரும்பாலும் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகவே இருந்து, இரண்டாம் ஆண்டில் பூக்கும். விதையிலிருந்து முதல் ஆண்டிலேயே பூக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட 'பவ்வாவ் வைல்டு பெர்ரி' போன்ற இரகங்கள் விதிவிலக்கு. அங்குஸ்டிபோலியாவுக்குப் பல ஆண்டுகள் ஆகலாம். மேலே வளர்ச்சி தெரியாத அக்காலத்தில் அது வேரை இறக்கிக்கொண்டிருக்கின்றது. பட்டுப்போனதென எண்ணிப் பிடுங்கி எறியப்படும் செடிகள் ஏராளம்.

தாயைப்போல் பிள்ளையா?

விதை வழி வரும் செடி தாய்ச்செடியை அப்படியே ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 'மேக்னஸ்', 'ஒயிட் ஸ்வான்' போன்ற விதை இரகங்கள் ஓரளவு ஒத்து வரும். அமெரிக்கப் பல்லாண்டுச் செடிச் சங்கம் 1998 ஆம் ஆண்டின் சிறந்த செடியாக 'மேக்னஸ்' இரகத்தைத் தேர்ந்தெடுத்தது. செம்மஞ்சள், சிவப்பு, அடுக்குப்பூ ஆகியவற்றின் கதை வேறு. மஞ்சள் நிற பாரடாக்சாவை ஊதாக் கூம்புப்பூவுடன் கலந்து சிகாகோ தாவரவியல் பூங்காவில் உருவாக்கிய செம்மஞ்சள் கலப்பினம் 2000-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்ததிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட நிறக் கலப்பினங்கள் தோன்றியுள்ளன. இவற்றின் விதையிலிருந்து வரும் செடிகளில் பல, பாட்டியின் ஊதா நிறத்துக்கே திரும்பிவிடும். அதையும் ஒரு விளையாட்டாகக் கொள்வோருக்கு இழப்பொன்றுமில்லை. குறிப்பிட்ட நிறமே வேண்டுமென்போர் வேரைத்தான் நாட வேண்டும்.

பிரித்தலும் வேர்த்துண்டும்

நான்கு ஆண்டுகள் கடந்த ஊதாக் கூம்புப்பூத் தூறை இளவேனிலில் புதுத்தளிர் எழும்போதோ, இலையுதிர்காலத்தின் தொடக்கத்திலோ தோண்டி எடுத்துப் பிரிக்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது ஓரிரு தளிரும் போதிய வேரும் இருத்தல் வேண்டும். சிறு துண்டுகளாகப் பிரிப்பது பயன் தராது. பிரித்த செடியைப் பழைய ஆழத்திலேயே நட்டு, முதல் சில வாரங்கள் நீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிக்கடி பிரித்தால் செடி புதர்த்து, பூக்கள் குறையும். ஆகவே, இடநெருக்கடி இன்றித் தூறு நன்றாகப் பூக்குமாயின் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. ஆணிவேர் இனங்களையும், பாரடாக்சாவின் வேரமைப்பு சேர்ந்த கலப்பினங்களையும் பிரித்தால் பெரும்பாலும் தாயும் பிழைக்காது, சேயும் பிழைக்காது.

வேர்த்துண்டு முறை, செடி உறங்கும் இலையுதிர்காலக் கடைசியில் அல்லது பனிக்காலத் தொடக்கத்தில் செய்யப்படுகின்றது. பென்சில் பருமனுள்ள வேர்களில் ஓரிரண்டை மட்டும் 5 முதல் 8 செ.மீ. நீளத்தில் வெட்டி, மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும் நறுக்க வேண்டும். தலைகீழாக நடாதிருக்கவே இந்த அடையாளம். மணல் கலந்த மண்ணில் மேல்முனை மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழிருக்குமாறு நட்டு, உறைபனி படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் இளவேனிலில் தளிர் வரும். வேர் விடாத நிலையிலும் தளிர் வருவதுண்டு என்பதால் தளிரைக் கண்டவுடன் இடம் மாற்றக்கூடாது.

இளவேனிலில் அடியிலிருந்து எழும் தளிரை, அதன் அடிக்கட்டைச் சிறு பகுதியுடன் சேர்த்து அறுத்து வேர்விடச் செய்வது மூன்றாவது வழி. பூந்தண்டு எழுந்தபின் எடுத்த துண்டுகள் அரிதாகவே வேர்விடும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1930 ஆம் ஆண்டின் தாவரக் காப்புரிமைச் சட்டத்தின்படி, காப்புரிமை பெற்ற இரகங்களை உரிமையாளரின் இசைவின்றிப் பிரித்தோ துண்டிட்டோ பெருக்குதல் கூடாது. புதிய நிறக் கலப்பினங்களில் பல இவ்வகையின. காப்புரிமைக் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் ஆகும். செடியுடன் வரும் பெயரட்டையில் இது குறிக்கப்பட்டிருக்கும்.

பெருக்கத்தோடு பரவும் நோய்

கூம்புப்பூவைத் தாக்கும் நோய்களுள் ஆஸ்டர் மஞ்சள் நோய் கொடியது. பைட்டோபிளாசுமா எனப்படும், செல்சுவரற்ற பாக்டீரியா வகை நுண்ணுயிரால் இது உண்டாகின்றது. தத்துப்பூச்சிகள் நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சி நலமான செடிக்குக் கொண்டுசெல்கின்றன. இலைகள் வெளிறும். பூக்கள் பச்சையாகி உருக்குலையும். கூம்பிலிருந்து இலைக்கொத்துகள் முளைத்ததுபோன்ற விந்தையான வடிவங்கள் தோன்றும். புதிய இரகம் கிடைத்துவிட்டதெனச் சிலர் மகிழ்ந்து அதையே பிரித்துப் பலருக்கும் வழங்கிவிடுவதுண்டு. இந்நோய்க்கு மருந்தில்லை. பாதித்த பகுதியை மட்டும் வெட்டுவதாலும் பயனில்லை, ஏனெனில் நுண்ணுயிர் செடி முழுவதும் பரவி வேரிலும் தங்கியிருக்கும். செடியை வேரோடு அகற்றி அழிப்பதே வழி. நோயுள்ள தூறைப் பிரித்தால் நோயும் பிரிந்து செல்லும். விதை வழியே இது பரவுவதில்லை என்பது விதைப்பெருக்கத்தின் பெரிய நன்மை.

கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேனும் கூம்பில் பச்சைக் கொத்துகளை உண்டாக்கும். இதில் பாதிப்பு பூத்தலையோடு நின்றுவிடும். இலையும் தண்டும் நலமாக இருக்கும். பாதித்த தலைகளை வெட்டி அகற்றினால் போதும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் நல்ல செடிகளைப் பிடுங்கி எறிவதும், நோயுற்ற செடிகளை வைத்துக் காப்பதும் நிகழ்கின்றன.

காட்டுச் செடிகளும் தோட்டச் செடிகளும்

அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் தொல்குடியினர் அங்குஸ்டிபோலியாவின் வேரை மருந்தாகப் பயன்படுத்தினர். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது மருந்து வணிகத்துக்குள் நுழைந்தது. அதுமுதல் விலை ஏறும்போதெல்லாம் காட்டு வேர்கள் தோண்டப்பட்டு வந்துள்ளன. தடுமனைக் குணப்படுத்துவதில் எக்கினேசியாவின் பயன் தெளிவாக நிறுவப்படவில்லை என 2014 ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு தெரிவித்தது. வேரைத் தோண்டினால் செடி பெரும்பாலும் மடிவதால், தோட்டத்துக்காகவும் காட்டிலிருந்து செடி எடுத்தல் தவிர்க்கப்பட வேண்டும்.

நாஷ்வில் நகரை அடுத்த சுண்ணாம்புப் பாறை வெளிகளில் மட்டுமே வளரும் டென்னசிக் கூம்புப்பூ, அழிந்ததாகக் கருதப்பட்டு 1960-களின் பிற்பகுதியில் மீண்டும் அறியப்பட்டது. 1979 இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அது பட்டியலிடப்பட்டது. வாழிடக் காப்பும், விதையாலும் நாற்றாலும் புதிய கூட்டங்களை நிறுவியதும் பயன் தந்ததால் 2011 இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எக்கினேசியா இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலப்பதால், வேறு கூம்புப்பூக்கள் நிற்கும் தோட்டத்தில் சேகரித்த இதன் விதை தூய விதையாக இராது. 'ராக்கி டாப்' என்ற பெயரில் விற்கப்படுவதும் ஒரு கலப்பினமே. இக்காரணத்தால், அரிய இனங்கள் இயற்கையாக வளரும் இடங்களுக்கு அருகில் வசிப்போர், அப்பகுதிக்கே உரிய விதையை மட்டும் வளர்ப்பது விரும்பத்தக்கது. வர்ஜீனியா முதல் ஜார்ஜியா வரை காணப்படும் மற்றோர் அரிய இனமான எக்கினேசியா லேவிகேட்டா 1992 இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டு, 2022 இல் அச்சுறு நிலைக்கு மாற்றப்பட்டது.